யார் பணம்? யார் கணக்கு?



“கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் காலத்தில் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணக்குக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை! பணம் போட்டாச்சு என்கிறது அரசாங்க ஆபீஸ். எங்களுக்கு வரவில்லை என்கிறது பேங்க். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பணம் போனது உண்மை. போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு கணக்கு!

ஆண்டு மலரில் எழுத எத்தனையோ விஷயம் இருக்க, பேங்க் கணக்கு மாற்றுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். எங்கள் வகுப்பில் உதவித்தொகை வாங்குகிறவர்கள் கை தூக்குங்கள் என்றால் பாதி பெஞ்சுக்கு மேல் கை எழும்பும். அரசுப் பள்ளியில் படித்து டிப்ளமோ சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. இது போகக் கல்வி உதவித்தொகை. வீட்டுக்குப் போனால் அம்மா பெயரில் ஒன்று, பாட்டி பெயரில் ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு ஒன்று. ஆக, நம்மில் பல குடும்பங்களுக்கு இது பேச்சுப் போட்டித் தலைப்பு அல்ல. மாதாமாதம் வரவேண்டிய அரிசிக் காசு, பஸ் காசு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவிப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர், அந்தப் பணத்துக்கு உரியவர் ஒருவரே. அவரைக் கேட்காமல் யாரும் மாற்றக் கூடாது. அவர் கேட்டால் மாற்றாமல் இழுத்தடிக்கவும் கூடாது. இன்று நடப்பதோ தலைகீழ். அவருக்குத் தெரியாமல் மாறுவது சுலபமாக இருக்கிறது. அவரே விரும்பி மாற்றுவது குதிரைக் கொம்பாக இருக்கிறது!

மணியார்டரில் இருந்து ஆதார் வரை

முதியோர் உதவித்தொகைத் திட்டம் தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கியது. நீண்ட காலம் அது மணியார்டராகத்தான் வந்தது. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் தெருவில் இருக்கும் கிழவிகள் எல்லாம் திண்ணைக்கு வந்துவிடுவார்களாம். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, “டீ செலவுக்கு ஏதாச்சும்…” என்று சில தபால்காரர்கள் தலையைச் சொறிவதும் உண்டாம். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அரசாங்கம் ஒரு ரூபாய் செலவழித்தால் 15 பைசாதான் மக்களுக்குப் போய்ச் சேருகிறது என்று 1985-இல் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியே சொன்னார். நடுவில் நின்ற கைகள் அத்தனை!

அந்தக் கைகளை விலக்கத்தான் நேரடிப் பணப் பரிமாற்றம் வந்தது. 2013 ஜனவரி 1-இல் தொடங்கிய திட்டம் அது. 2014 ஆகஸ்ட் 28-இல் ஜன் தன் திட்டம் தொடங்கி, பேங்க் படியே ஏறாதவர்களுக்கும் கணக்கு திறக்கப்பட்டது. கேஸ் மானியம் 2014 நவம்பர் 15 முதல் 54 மாவட்டங்களிலும், 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நேராகக் கணக்குக்கே வரத் தொடங்கியது. இது நல்ல மாற்றம் என்பதை நான் மறுக்கவில்லை. தலையாரியையும் தரகரையும் பார்க்காமல் பணம் வருகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் ஒரு கை விலகிய இடத்தில் இன்னொரு கை வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கைக்கு முகம் இல்லை. “சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது” என்று மட்டும் அது பேசும்.

பணம் வரும் பாதை இரண்டு

நாம் டெக்னிக்கல் மாணவர்கள். ஒரு மெஷின் கோளாறு என்றால் முதலில் அதன் சர்க்யூட்டைப் பார்ப்போம் அல்லவா? இதற்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அரசாங்கப் பணம் நம் கணக்குக்கு வர இரண்டு பாதைகள் உண்டு. முதல் பாதையில், நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணையும் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் பார்த்து அதே கணக்குக்கு அனுப்புவார்கள். இரண்டாவது பாதையில் கணக்கு எண்ணே தேவையில்லை. ஆதார் எண்ணை மட்டும் வைத்து அனுப்புவார்கள். அந்த ஆதாருக்கு எந்த பேங்க் என்று காட்டும் ஒரு பெரிய பட்டியல் என்.பி.சி.ஐ. என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. அதற்கு மேப்பர் என்று பெயர்.

நம் லேப்பில் இருக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்சை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தள்ளினால் ஒரு லைன். கீழே இழுத்தால் இன்னொரு லைன். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் போகாது. மேப்பரும் அதே மாதிரிதான். ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு பேங்க்தான். கடைசியாக எந்த பேங்கில் பதிவு ஆனதோ அங்கே போகும். அதிலும் ஒரு விசேஷம். மேப்பரில் பேங்க்கின் பெயர்தான் இருக்கும், கணக்கு எண் இருக்காது. ஒரே பேங்கில் உங்களுக்கு இரண்டு கணக்கு இருந்தால், எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பது அந்த பேங்க் வைத்திருக்கும் பதிவைப் பொறுத்தது.

இங்கேதான் முதல் குழப்பம். “ஆதார் இணைச்சாச்சே” என்று எல்லோரும் சொல்கிறோம். கணக்கு திறக்கும்போது அடையாளத்துக்காக ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தது வேறு. உதவிப் பணம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று மேப்பரில் பதிவது வேறு. முதல் வேலை முடிந்திருக்கும், இரண்டாவது நடந்தே இருக்காது. பாஸ்புக்கில் ஆதார் எண் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். பணம் என்றைக்கோ திறந்து மறந்துபோன ஒரு பழைய கணக்கில் போய் விழுந்துகொண்டிருக்கும்!

இரண்டாவது குழப்பம், எங்கே போய் மாற்றுவது என்பது. முதல் பாதையில் வரும் பணம் என்றால், அந்தத் திட்டத்தை நடத்தும் ஆபீஸில் புதுக் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது பாதை என்றால், புது பேங்கில் சம்மதப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். தன் பணம் எந்தப் பாதையில் வருகிறது என்று யாருக்குத் தெரியும்? சொல்லித் தருவார் யார்? பேங்க்கில் கேட்டால் தாலுகா ஆபீஸைக் காட்டுவார்கள். தாலுகா ஆபீஸில் கேட்டால் பேங்க்கைக் காட்டுவார்கள். நடுவில் பஸ்ஸில் அலைவது மட்டும் நம் ஆட்கள்.

சொல்லாமல் மாறும் கணக்கு

நான் கற்பனையாகப் பேசவில்லை. 2017-இல் நாடே பார்த்த கதை ஒன்று உண்டு. செல்போன் சிம்முக்கு ஆதார் சரிபார்க்க வேண்டும் என்று மக்கள் கடை கடையாகப் போய் விரல் வைத்தார்கள். ஏர்டெல் வாடிக்கையாளர்கள் பலருக்கு அப்போதே ஏர்டெல் பேமெண்ட்ஸ் பேங்க்கில் ஒரு கணக்கும் திறக்கப்பட்டது. பலருக்கு அது தெரியவே தெரியாது. கடைசியாகப் பதிவான பேங்க் அதுதான் என்பதால் கேஸ் மானியமும் அங்கே போகத் தொடங்கியது. இப்படித் திசை மாறியது 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மானியம். திரும்பக் கொடுக்க வேண்டியிருந்த தொகை சுமார் 190 கோடி ரூபாய். அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

யோசித்துப் பாருங்கள். ஒரு சிம் கார்டுக்காக வைத்த கைரேகை, ஓர் ஏழைக் குடும்பத்தின் மானியத்தையே வேறு பக்கம் திருப்பிவிட்டது! அந்த மக்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பழைய பேங்க்கும், “அம்மா, உங்கள் பணம் இனி இங்கே வராது” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேறு விதமாகவும் மாறுகிறது. பேங்க்குகளே ஒன்றோடு ஒன்று இணைந்தன. பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1-இல் ஒன்றாகி, தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. 2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. போர்டு மாறியது, பாஸ்புக் மாறியது, ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் மாறியது. சிண்டிகேட் வங்கியின் பழைய எண்கள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது என்றானது. செய்தித்தாளில் விளம்பரம் வந்தது உண்மைதான். களை எடுக்கப் போகிற அம்மா அந்த விளம்பரத்தை எங்கே பார்ப்பார்? பழைய எண்ணைப் பார்த்து அனுப்பிய பணம் திரும்பிப் போனால் அது அவருடைய குற்றமா?

இன்னொரு வழி நம் வயதுக்காரர்களுக்கே உரியது. மொபைலில் ஐந்து நிமிடத்தில் கணக்கு திறக்கலாம் என்று ஒரு விளம்பரம் வரும். கேஷ் பேக் ஆசையில் திறப்போம். நடுவில் ஒரு கட்டத்தில், அரசு உதவிகளை இந்தக் கணக்கில் பெறச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். நாம் எதைத்தான் படித்து டிக் அடித்தோம்? அடுத்த மாதம் ஸ்காலர்ஷிப் வரவில்லை என்று ஆபீஸ் ரூம் வாசலில் நிற்போம். சம்மதம் என்பது கேட்டு, புரிந்து, கொடுப்பது. பத்து வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் ஒளித்து வைத்து வாங்குவதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

கேட்டாலும் மாறாத கணக்கு

இனி மறுபக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறது. 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்ததே, அந்தப் பணம்தான். கணக்கு இருந்த பேங்க் கிளை எங்கள் ஊரிலிருந்து 11 கிலோமீட்டர். போஸ்ட் ஆபீஸோ அடுத்த தெரு. “எனக்கு அந்தப் பக்கம் மாத்தி விட்ருடா, நடக்க முடியல” என்றது அப்பத்தா. அவ்வளவுதான் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதானே?

நான்கு மாதம் ஆனது நண்பர்களே! ஆறு தடவை அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காகிதம். ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், உயிரோடு இருப்பதற்குச் சான்று. எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவியைப் பார்த்துக்கொண்டே உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள்! ஓர் ஆபீஸ் இன்னோர் ஆபீஸைக் காட்டியது. பார்க்க வேண்டிய அதிகாரி ஒரு நாள் மீட்டிங், ஒரு நாள் லீவ். நடுவில் இரண்டு மாதப் பணம் பழைய கணக்கிலும் இல்லை, புதுக் கணக்கிலும் இல்லை. பிறகு சேர்த்து வந்தது, அது வேறு விஷயம். அந்த இரண்டு மாதமும் அப்பத்தா பிரஷர் மாத்திரையைக் கடனுக்கு வாங்கியது.

ஐந்தாவது தடவை திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொண்டு அது கேட்டது: “காசும் என் பேருக்கு, ரேகையும் என் ரேகை. அது எங்கிட்ட வந்து சேர்றதுக்கு நான் எதுக்குடா இத்தனை பேருகிட்ட கெஞ்சணும்?”

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இதில் நான் எந்தத் தனி ஊழியரையும் குறை சொல்ல விரும்பவில்லை. கவுண்டரில் இருப்பவருக்கும் கூட்டம், நெருக்கடி, சர்வர் கோளாறு எல்லாம் உண்டு. குறை ஏற்பாட்டில் இருக்கிறது. 2017-இல் லட்சக்கணக்கான பேரின் கணக்கு அவர்களுக்கே தெரியாமல் மாற முடிந்தது. ஒரு கிழவி நேரில் வந்து, வாயால் கேட்டு, ரேகை வைத்தும் நான்கு மாதம் ஆகிறது. அப்படியென்றால் இந்த ஸ்விட்ச்சின் கைப்பிடி யார் பக்கம் இருக்கிறது?

பெண்ணின் கணக்கு

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் கதையையும் சொல்ல வேண்டும். பேரைச் சொல்ல வேண்டாம் என்றாள். பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு. அவள் மைனர் என்பதால் அப்பாதான் கார்டியன். ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப் பையில். டிப்ளமோ சேர்ந்ததும் மாதம் 1,000 ரூபாய் அதே கணக்குக்கு வந்தது. வந்த அன்றே அது மகளிர் குழுத் தவணைக்கும் வண்டித் தவணைக்கும் போனது. டிராயிங் இன்ஸ்ட்ருமெண்ட் வாங்க அவள் தோழிகளிடம் கடன் கேட்டாள். 18 வயது முடிந்ததும் தானே போய் ஒரு கணக்கு திறந்து, பணத்தை அதற்கு மாற்ற எழுதிக் கொடுத்தாள். வீட்டில் ஒரு வாரம் பேச்சு இல்லை.

அவள் அப்பாவை வில்லன் ஆக்க எனக்கு மனமில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது எந்தப் பணம் கிடைத்தாலும் எடுத்துக் கொடுக்கிற நிலைமைதான் நம் வீடுகளில். ஆனாலும் கேட்கிறேன். அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? அவள் படிப்பை நடுவில் நிறுத்தாமல் இருப்பதற்காக! அது அவள் கையைத் தொடாமலேயே போனால் திட்டத்தின் நோக்கம் எங்கே போனது? இன்று அவளே மாதம் 500 ரூபாய் வீட்டுக்குக் கொடுக்கிறாள். அப்பாவே எடுத்துக்கொண்ட 1,000 ரூபாயும் மகளாகக் கொடுக்கும் 500 ரூபாயும் ஒன்றல்ல. கொடுக்கும்போது அவள் நிமிர்ந்து நிற்கிறாள்.

2023 செப்டம்பர் 15-இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் திட்டம் தொடங்கியபோது அதற்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். உதவி இல்லை, உரிமை! அருமையான பெயர். அந்த முதல் மாதத்திலேயே சில பேங்க்குகள் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வந்த பணத்தைப் பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று மாநில நிதியமைச்சரே எச்சரிக்க வேண்டி வந்தது. மினிமம் பேலன்ஸே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்களிடம் யார் எடுத்துச் சொன்னார்கள்? உரிமை என்று பெயர் வைத்தால் போதாது. எந்தக் கணக்கு என்று சொல்லும் வாயையும் கொடுத்தால்தான் அது முழு உரிமை.

அவர்கள் சொல்வதும் நாம் சொல்வதும்

“நினைத்தபோதெல்லாம் கணக்கை மாற்றவிட்டால் மோசடி நடக்கும் தம்பி” என்று ஒரு பேங்க் அதிகாரி என்னிடம் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாரோ ஒருவன் பாட்டியின் கைரேகையை வாங்கிக்கொண்டு தன் வசதிக்குக் கணக்கை மாற்றிவிடக் கூடாதுதான். ஆனால் தாமதம் வேறு, பாதுகாப்பு வேறு. நான்கு மாதம் இழுப்பதால் எந்தத் திருடனும் பிடிபடுவதில்லை. கிழவிதான் களைத்துப் போகிறாள். உண்மையான பாதுகாப்பு என்பது உரியவரிடம் கேட்பது, மாறியதும் அவருக்குச் சொல்வது, தவறென்றால் உடனே பழைய இடத்துக்குத் திருப்ப ஒரு வழி வைப்பது. இந்த மூன்றும் இருந்திருந்தால் 2017-இல் நடந்தது நடந்திருக்குமா?

“எல்லாம் இப்போது ஆன்லைனில் இருக்கிறதே” என்பார்கள் வேறு சிலர். இருக்கிறது. என்.பி.சி.ஐ. இணையதளத்தில் நாமே ஆதார் பதிவை ஒரு பேங்க்கிலிருந்து இன்னொரு பேங்க்குக்கு மாற்றக் கேட்கும் வசதி வந்திருக்கிறது. நல்ல வசதி, வரவேற்கிறேன். ஆனால் எல்லா பேங்க்கும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த மொபைல் நம் கையில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. வரவேண்டும். அப்பத்தாவின் ஆதாரில் இருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பாவின் பழைய நம்பர்! ஆன்லைன் என்பது கூடுதல் வாசலாக இருக்கட்டும். பழைய வாசலை அடைத்துவிட்டு அதை ஒரே வாசலாக்கக் கூடாது.

ஆகவே நம் மாணவர் பேரவை சார்பில் சில கோரிக்கைகளை வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று: உதவிப் பணம் போகும் கணக்கு மாறினால், பழைய பேங்க்கும் புது பேங்க்கும் தமிழில் செய்தி அனுப்ப வேண்டும். மொபைல் இல்லாதவருக்குக் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு தபால் கார்டுக்கு அரசாங்கம் ஏழையாகிவிடாது.

இரண்டு: கணக்கு திறக்கும் சம்மதமும் உதவிப் பணத்தை மாற்றும் சம்மதமும் தனித்தனிப் படிவமாக இருக்க வேண்டும்.

மூன்று: மாற்றக் கேட்டு யார் வந்தாலும் முதலில் போகும் ஆபீஸிலேயே மனுவை வாங்கி, சீல் போட்டு ரசீது தர வேண்டும். எந்தப் பாதை, எந்த ஆபீஸ் என்று அலைவது அவர்கள் வேலையாக இருக்கட்டும். 15 நாளில் முடிக்க வேண்டும்.

நான்கு: மாறும் காலத்தில் பணம் நிற்கக் கூடாது. புதுக் கணக்கு தயாராகும் வரை பழைய கணக்கிலேயே விழ வேண்டும். சப்ளை மாற்றும்போது லோடுக்குக் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ள நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதா?

நாம் என்ன செய்யலாம்?

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு.

முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் ஆதார் எந்த பேங்கில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கும் வசதி இருக்கிறது. ஓ.டி.பி. வந்ததும் பேங்க் பெயர் தெரியும். அந்தப் பெயரைப் பார்த்து ஆச்சரியப்படப் போகிறவர்கள் நம் கல்லூரியிலேயே பலர் இருப்பார்கள்!

பள்ளியில் திறந்த கணக்காக இருந்தால் அதன் வகையைக் கேளுங்கள். முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கு என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓர் ஆண்டில் மொத்த வரவு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மைனராகத் திறந்த கணக்கு என்றால் 18 வயது ஆனதும் புதிதாகக் கையெழுத்தும் ஆவணமும் கொடுக்க வேண்டும்.

மாற்றுவதாக இருந்தால், புதுக் கணக்கில் ஒரு தவணையாவது வந்து விழும் வரை பழைய கணக்கை மூடாதீர்கள். எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகலில் சீல் வாங்குங்கள். பேங்க்கில் எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. போனில் ஓ.டி.பி. கேட்கிறவனுக்கும், தெருவில் மெஷினை நீட்டி விரல் வை என்கிறவனுக்கும் ஒரே பதில்தான்: “எதுக்கு?” அதற்குத் தெளிவான பதில் வராமல் விரலை நீட்டவே கூடாது. வீட்டில் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது ஊருக்கு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் வளாகம் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். வேண்டியதுதான். அதோடு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டு, “உங்கள் பணம் எந்த பேங்க்குக்குப் போகிறது? வாங்க, பார்த்துச் சொல்கிறோம்” என்று ஒரு போர்டு மாட்டினால் என்ன? எந்தப் பாதையில் பணம் வருகிறது, எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும், என்னென்ன தாள் வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். அவர்களின் ஓ.டி.பி.யையும் ஆதார் எண்ணையும் எங்கும் குறித்து வைக்காமல், அவர்கள் கண் எதிரிலேயே பார்த்துச் சொல்வோம். ஆறு தடவை அலைகிற ஒரு பாட்டி இரண்டு தடவையோடு வேலையை முடித்தால், நாம் படித்த டிப்ளமோ அன்றைக்கே பாதி பாஸ்!

நண்பர்களே, வேலைக்குப் போன பிறகு நம்மில் பலர் இதே மாதிரி சிஸ்டங்களை நிறுவப் போகிறோம், பழுது பார்க்கப் போகிறோம், கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறோம். அன்றைக்கு “சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது” என்று நம் வாயிலிருந்து ஒரு கிழவியைப் பார்த்து வரக் கூடாது. பணம் அவருடையது. கணக்கும் அவர் சொல்வதாகவே இருக்கட்டும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் துறை